கால் எட்டும் உயரம்

மோட்டார் சைக்கிள் சஞ்சிகைகளில் வரும் ஒப்பீட்டுக் கட்டுரைகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே மாதிரியானவை. நாலைந்து மோட்டார் சைக்கிள்களை ஒரே பாதையில் ஓடவிட்டு, குதிரைவலு, பிறேக், ஆசனம், காற்றுத்தடுப்பு, விலை என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு, முடிவில் ஒன்றை முதலாவது என்பார்கள். அந்த அட்டவணைக்குப் பின்னால் இருக்கும் மனிதரையும் எங்களால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஆறடிக்குக் குறையாத உயரம். வீட்டோடு சேர்ந்த கராஜ். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. எந்தத் திசையில் போனாலும் திரும்பி வந்துவிடலாம் என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

நாங்கள் மூன்று பேர். மில்பிடாஸில் ஒரு றெஸ்ரோறண்டின் குசினியில் ஒன்றாக வேலை செய்து, ஒரே வீட்டில் இருப்பவர்கள். ஒருவர் ஐந்தடி மூன்று அங்குலம். இன்னொருவர் ஐந்தடி ஆறு. அண்ணை என்று நாங்கள் கூப்பிடும் மூத்தவருக்கு உயரம் போதும், இடுப்புத்தான் சரியில்லை. 2019இல் மூவரும் காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குவதென்று தீர்மானித்தோம். கையில் இருந்தது 3,500 டொலர். தேடி எடுக்க எட்டு மாதம் பிடித்தது. அகதிச் சஞ்சிகையில் மோட்டார் சைக்கிளைப் பற்றி என்ன எழுத்து என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். இலக்கியச் சந்திப்புக்களில் இதைவிடக் குறைந்த விஷயங்களுக்கு நீண்ட நேரம் சண்டை பிடித்திருக்கிறோம்.

நாங்கள் தேடியது ஸ்போர்ட் ரூறிங் என்ற வகையை. இது ஒரு இரண்டுங்கெட்டான் வகை. ஒரு பக்கத்தில் பந்தய மோட்டார் சைக்கிள்கள் இருக்கின்றன. நெஞ்சு தாங்கியில் படுமளவுக்குக் குனிந்து ஓடவேண்டும், ஒரு மணித்தியாலத்தில் முதுகு கெஞ்சும். மறுபக்கத்தில் கோல்ட் விங், பெரிய ஹார்லி போன்ற சாய்மனைக் கதிரைகள். நேர்ப்பாதையில் சுகம், மலைப்பாதையில் சீவன் போகும். இரண்டுக்கும் நடுவே, வளைவில் வளையவும் வேண்டும், பெட்டி கட்டிக்கொண்டு நாட்கணக்கில் போகவும் வேண்டும் என்பவர்களுக்காக உண்டானது இது. 1976இல் பி.எம்.டபிள்யூ. கொண்டுவந்த ஆர். 100 ஆர்.எஸ். என்பதைத்தான் பலரும் இதற்கு முன்னோடி என்கிறார்கள். காற்றுச் சுரங்கத்தில் வைத்து வடிவமைத்த முழுக் கவசத்தோடு அது விற்பனைக்கு வந்தது. நெஞ்சில் அறையும் காற்றைத் தடுத்துவிட்டால் மனிதன் களைக்காமல் நெடுந்தூரம் போவான் என்பதே அதன் சூட்சுமம். பிறகு 1986இல் கவசாகியின் கொன்கோர்ஸ், 1990இல் ஹொண்டாவின் எஸ்.ரி. 1100, 2001இல் யமஹாவின் எஃப்.ஜே.ஆர். 1300 என்று வரிசை நீண்டது.

ஐரோப்பாவில் இருக்கும் வாசகர்கள் அந்த எஸ்.ரி. 1100ஐ 'பான் யூரோப்பியன்' என்ற பெயரில் கண்டிருப்பீர்கள். ஐரோப்பா முழுவதையும் ஓடித் தீர்க்கவென்று வைத்த பெயர். அது ஜேர்மனியின் நெடுஞ்சாலைகளில் ஓடத் தொடங்கிய அதே வருடங்களில், அங்கே அகதி விண்ணப்பம் கொடுத்திருந்த எங்கள் ஆட்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதிக் கடிதம் எடுக்கவேண்டியிருந்தது. ஐம்பது கிலோமீற்றர் தள்ளியிருந்த தமையனைப் பார்க்கப் போய்த் தண்டம் கட்டியவர்களை நாங்கள் அறிவோம்.

ரூறிங் என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணை சிரித்தார். "நாங்கள் செய்யாத ரூறிங்கோ?" என்றார். உண்மைதான். கொழும்பு, டுபாய், எக்குவடோர், கொலம்பியா, படகில் பனாமா, பிறகு குவாத்தமாலா, மெக்சிக்கோ. இத்தனை நாட்டையும் கடந்து வந்த எங்களுக்கு அந்த நாடுகளின் ஒரு றோட்டின் வளைவுகூட ஞாபகத்தில் இல்லை. பஸ்ஸின் திரைச்சீலையும் லொறியின் தறப்பாளும் ஞாபகம் இருக்கின்றன. எங்களில் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்து, 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு படிப்பைப் பாதியில் விட்டவர். வரைபடம் வாசிக்கத் தெரிந்தவர் அவர். அவருக்கும் அந்தப் பயணத்தில் எந்த ஊரில் இருக்கிறோம் என்று பல நாட்கள் தெரிந்திருக்கவில்லை. பகல் வெளிச்சத்தில், எங்கே போகிறோம் என்று தெரிந்து, நினைத்த இடத்தில் நின்று போவதுதான் ரூறிங் என்றால், அதை நாங்கள் முதன்முதலாகச் செய்யப் போகிறோம்.

எங்களுக்கு மோட்டார் சைக்கிள் தெரியாமல் இல்லை. ஆனால் ஊரில் ஒருவரும் 'எனக்கு எது பொருந்தும்' என்று கேட்டதில்லை. 1990 ஜூனில் மறுபடி யுத்தம் தொடங்கிப் பெற்றோலுக்குத் தடை வந்த பிறகு, அந்த ஐந்து வருடங்களும் குடாநாட்டில் இருந்த கேள்வி, 'உது மண்ணெண்ணெயில ஓடுமோ?' என்பது மட்டுமே. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் எஞ்சினைக் கிளப்புவதற்கு மட்டும் சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோல். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். ஹொண்டா சி.டி. 200 வைத்திருந்தவர் பெரியாள். ரீச்சர்மார் சலியில் போனார்கள். பிறகு வந்த எம்.டி. 90, யப்பானில் தபால்காரர்களுக்கென்று செய்யப்பட்டது. அவர்கள் பாவித்துக் கழித்ததை எங்கள் சனம் குடும்பத்தையும், ஒரு மூட்டை மரக்கறியையும், சில நேரம் காயப்பட்ட ஆளையும் ஏற்றி ஓடியது. நூறு கிலோ நிறையில்லாத அந்தச் சாமான் ஏற்றாத பாரமில்லை.

இன்னொரு ஞாபகமும் இருக்கிறது, எழுதாமல் விட முடியவில்லை. 2006க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு வேறு அர்த்தம் வந்தது. முகத்தை மூடிக்கொண்டு இரண்டு பேர் வருவார்கள். வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஊரடங்கு நேரத்தில் ஒழுங்கைக்குள் எஞ்சின் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு, அது எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று எல்லோரும் காது கொடுத்துக்கொண்டிருப்போம். சோதனைச் சாவடிகளில் ஹெல்மற்றைக் கழற்றிக் கையில் பிடித்தபடி எஞ்சினை நிறுத்தித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். கலிபோர்னியாவில் 1992 ஜனவரியிலிருந்து ஹெல்மற் இல்லாமல் ஓடினால் குற்றம். முகம் முழுவதும் மூடும் ஹெல்மற்றை முதன்முதல் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது எங்கள் மூவருக்குமே ஒரு கணம் கதை வரவில்லை.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம்.

ஹொண்டா எஸ்.ரி. 1300. சஞ்சிகைகள் இதைத் தூக்கி வைத்துப் புகழ்ந்திருந்தன. 1,261 சி.சி., வி வடிவத்தில் நாலு சிலிண்டர், 29 லீற்றர் தாங்கி. ஒருதரம் நிரப்பினால் 500 கிலோமீற்றர் தாராளமாகப் போகலாம். சங்கிலி இல்லை, கார் போலத் தண்டில் இயங்கும் பின்சில்லு. எல்லாம் சரி, ஆனால் நிறை 330 கிலோ. நாங்கள் நிறையை வெங்காய மூட்டையில் கணக்குப் பார்ப்பவர்கள். குசினிக்கு வரும் மூட்டை 50 இறாத்தல். அப்படிப் பார்த்தால் பதினாலு மூட்டைக்கும் மேல். ஓடும்போது அந்தப் பாரம் தெரியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது உண்மையும்கூட. பெற்றோல் நிலையத்தில் சரிவான இடத்தில் நிறுத்தி, ஒரு கால் நழுவினால்? பதினாலு மூட்டையும் ஒரே பக்கமாகச் சரியும். மூவரில் எவராலும் தனியே நிமிர்த்த முடியாது. ஐந்தடி மூன்று அங்குலக்காரர் அதன்மேல் ஏறி இருந்தபோது நிலத்தைத் தொட்டது பெருவிரல்கள்தான்.

யமஹா எஃப்.ஜே.ஆர். 1300 கொஞ்சம் இளைத்தது. 290 கிலோ அளவில். நல்ல வேகம். ஆனால் ஆரம்ப வருடங்களில் வந்தவற்றில் எஞ்சின் சூடு காலில் அடிக்கும் என்பது அதை வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்கிற குறை. பத்து மணித்தியாலம் அடுப்புக்கு முன்னால் நின்றுவிட்டு, ஓய்வு நாளிலும் சூடு பிடிக்கவா என்று அண்ணை கையை விரித்துவிட்டார்.

பழைய கொன்கோர்ஸ் எங்களைச் சபலப்படுத்தியது. 1986இலிருந்து 2006வரை இருபது வருடம் பெரிய மாற்றமில்லாமல் கவசாகி அதை விற்றது. 997 சி.சி., காபுரேற்றர், 28 லீற்றர் தாங்கி. எங்கள் காசுக்கு இரண்டு வாங்கலாம் போல இருந்தது. காபுரேற்றரை அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார், மண்ணெண்ணெய்க் காலத்துப் படிப்பு. ஆனால் அந்த 28 லீற்றரும் உயரத்தில் இருக்கிறது. தாங்கி நிறைந்திருக்கும்போது தள்ளிப் பார்த்தால், தலையில் குடத்தோடு நடக்கிறவர் மாதிரி ஒரு ஆட்டம்.

ஹொண்டா வி.எஃப்.ஆர். 800தான் பார்க்க அழகு. அமெரிக்காவில் இதற்கு இன்ரர்செப்ரர் என்று பெயர். 245 கிலோ. மலைப்பாதையில் இதைவிட நல்லது இல்லை என்று அடித்துச் சொல்வார்கள். எங்களுக்குப் பிரச்சினை மணிக்கட்டில். கைபிடி தாழ்வாக இருப்பதால் உடம்பின் பாரம் கையில் இறங்கும். ஒரு நாளில் எத்தனை மூட்டை வெங்காயம் வெட்டினோம் என்பதை மணிக்கட்டு மறப்பதில்லை. இந்த விஷயத்தை எந்தச் சஞ்சிகையும் எழுதவில்லை. மேசையில் இருந்து வேலை செய்பவரும், நின்று வேலை செய்பவரும், கத்தி பிடிப்பவரும் ஒரே ஆசனத்தில் ஒரே மாதிரி இருக்க முடியாது. நிற்பவனுக்கு முழங்கால் மடிவது சுகம், ஆனால் அதிகம் மடியக்கூடாது. கத்தி பிடிப்பவனுக்குக் கைபிடி நெஞ்சுக்குக் கிட்ட வரவேண்டும். 2002க்குப் பிறகு வந்தவற்றில் வால்வு சரிபார்க்கிற செலவும் கண்ணைக் கட்டியது.

பி.எம்.டபிள்யூ. ஆர். 1150 ஆர்.ரி. ஒன்று மலிவாக வந்தது. இருபக்கமும் தள்ளி நிற்கும் சிலிண்டர்கள், நிமிர்ந்த இருப்பு, மணிக்கட்டுக்கு ஆறுதல். எல்லா விதத்திலும் பொருந்தியது என்றே சொல்லவேண்டும். ஆனால் கலிபோர்னிய நெடுஞ்சாலைப் பொலிஸ் 1990களின் பிற்பகுதியிலிருந்து நீண்டகாலம் பாவித்தது இந்த ஆர்.ரி. வரிசையைத்தான். அந்த முன்விளக்கைக் காரின் கண்ணாடியில் கண்டால் எங்களுக்கு வயிறு கலங்கும். நாங்களே அதில் போனால் முன்னால் போகிறவர்கள் வழி விடுவார்கள் என்று விற்றவர் பகிடி விட்டார். இன்னொருவருடைய வயிற்றைக் கலக்குகிற வாகனம் எங்களுக்கு வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

திருவொற்றியூரில் 1950களில் தொடங்கிய என்ஃபீல்டின் 650 சி.சி. இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளையும் பார்த்தோம். உலகப் பத்திரிகையாளர்களுக்கு அதை முதலில் ஓடக் கொடுத்தது எங்களுக்குப் பக்கத்தில், சாந்தா குரூஸில், 2018 செப்ரெம்பரில். இன்ரர்செப்ரர் என்ற பெயரின் உரிமை அமெரிக்காவில் ஹொண்டாவிடம் இருப்பதால், இங்கே அது ஐ.என்.ரி. 650 என்று பெயரைச் சுருக்கிக்கொண்டு விற்பனையாகிறது. குடிவரவு அதிகாரிகள் எங்கள் பெயர்களுக்குச் செய்ததையே அதற்கும் செய்திருக்கிறார்கள். அப்போது புதிதாக 6,000 டொலருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது, எங்களுக்கு எட்டவில்லை. காற்றுத்தடுப்பும் இல்லை. தவிர, மண்டபம் முகாமில் ஒன்றரை வருடம் இருந்த அண்ணைக்கு என்ஃபீல்ட் சத்தம் என்றால் வேறு ஞாபகங்கள்.

கடைசியில் வாங்கியது 2009ஆம் ஆண்டுக் கவசாகி நிஞ்சா 650 ஆர். சஞ்சிகைகள் இதை இந்த வகைக்குள் சேர்ப்பதே அரிது, சேர்த்தாலும் கடைசி வரிசையில். முதல் உரிமையாளர் உயரமான காற்றுத்தடுப்பும் பக்கப் பெட்டிகளும் பூட்டியிருந்தார். 649 சி.சி., நிறை 205 கிலோ, அதாவது ஒன்பது மூட்டை. ஆசனத்தின் உயரம் 79 சென்ரிமீற்றர். ஆசனம் முன்பக்கம் ஒடுங்கியிருப்பதால் ஐந்தடி மூன்று அங்குலக்காரரின் பாதங்களும் அழுந்தப் பதிந்தன. தாங்கி 15.5 லீற்றர்தான், 250 கிலோமீற்றரில் பெற்றோல் நிலையம் தேடவேண்டும். பின்னால் ஆள் இருந்தால் சஸ்பென்ஷன் முனகும். சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். பெயர்தான் கொஞ்சம் சங்கடம், முகம் மூடிய ஆட்களின் பெயர்.

ஏன் அது என்று கேட்டால், நாங்கள் எங்களுக்கென்று ஓடர்க் கொப்பியின் பின்னட்டையில் ஒரு அட்டவணை எழுதி வைத்திருந்தோம். அதில் குதிரைவலு இல்லை. நிற்கும்போது இரண்டு காலும் பதியுமா. விழுந்தால் தனியாள் நிமிர்த்தலாமா. கராஜ் இல்லாமல், அடுக்குமாடியின் தகரக் கூரைக்குக் கீழ் நின்று திருத்தலாமா. கடைசியாக எழுதியது அண்ணை: 'ஒரு கிழமைக்குள் விற்கலாமா?' அகதி வழக்கு நடக்கிற ஒருவர் எந்தச் சாமானையும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாங்குவதில்லை. கட்டிலைக்கூட.

வாங்கிய பிறகு ஓடியதைப் பற்றிக் கொஞ்சம். றெஸ்ரோறண்டுக்குச் செவ்வாய்க்கிழமை கூட்டம் குறைவு, அன்றைக்கு இரண்டு பேருக்கு ஓய்வு கிடைக்கும். மில்பிடாஸில் இருந்து கலவேராஸ் றோட்டில் ஏறினால் பத்து நிமிடத்தில் ஊர் மறைந்துவிடும். கலவேராஸ் என்றால் ஸ்பானிய மொழியில் மண்டையோடுகள். காய்ந்த புல்மலைகளுக்கு நடுவே நீர்த்தேக்கம் தெரியும், கோடையில் இரணைமடுவின் நிறம். பாதை ஒரு காரும் இன்னொரு சைக்கிளும் போகிற அகலம். அங்கே 330 கிலோவோடு எதிரே கார் வந்தால் என்ன செய்திருப்போமோ தெரியாது.

ஹமில்ரன் மலைப்பாதை வேறு ரகம். உச்சியில், 1,280 மீற்றர் உயரத்தில், லிக் வானியல் அவதான நிலையம் இருக்கிறது. 1888இல் அது திறக்கப்பட்டபோது அதன் 36 அங்குலத் தொலைநோக்கிதான் அந்த வகையில் உலகத்திலேயே பெரியது. 1876இல் பாதை வெட்டியவர்கள், பாரமான பாகங்களைக் குதிரைகள் இழுத்துக்கொண்டு போகவேண்டும் என்பதற்காக ஏற்றத்தைக் குறைத்து வளைவுகளைக் கூட்டினார்கள். 365 வளைவுகள் என்று சொல்லுவார்கள். எண்ணத் தொடங்கிய ஒவ்வொரு முறையும் ஏதோவொரு கதையில் விட்டுப்போகும். இரண்டாவது கியரில், குதிரைக்கென்று அளந்த பாதையில், ஒன்பது மூட்டை மோட்டார் சைக்கிள் சொன்னபடி திரும்புகிறது. அண்ணை பின்னால் இருந்து, தோளில் தட்டி, நில் என்பார். நிற்போம். ஒன்றும் பார்ப்பதற்கில்லை, புல்லும் ஓக் மரமும்தான். நிற்கலாம் என்பதற்காக நிற்பது. எவரும் வந்து ஏன் நிற்கிறாய் என்று கேட்கவில்லை. முதல் சில தடவை கேட்பார்கள் என்று காத்திருந்தோம்.

தெற்கே மட்டும் எங்களுக்கு ஒரு கோடு இருக்கிறது. சான் டியேகோவரை போகலாம், போகத் தடையில்லை. ஆனால் திரும்பி வரும்போது 5ஆம் இலக்கப் பாதையில் சான் கிளமென்ரேக்குக் கிட்ட எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி, 15ஆம் இலக்கப் பாதையில் ரெமெக்குலாவுக்குக் கிட்ட இன்னொன்று. எங்கள் இருவருக்கும் அகதி அந்தஸ்துக் கிடைத்துவிட்டது. அண்ணையுடையது மேன்முறையீட்டில். வன்னியில் இயக்கத்துக்குக் கட்டிய வரியை, பயங்கரவாதத்துக்குப் பொருளுதவி என்று இந்த நாட்டுச் சட்டம் கணக்கெடுக்கிறது. கட்டாமல் அங்கே கடை நடத்த முடியாது என்று நீதிபதிக்கு விளங்கப்படுத்துவது சட்டத்தரணியின் பாடு. கையில் வேலை அனுமதிப் பத்திரம் இருக்கிறது, சட்டப்படி பயமில்லை என்று அவர் சொல்கிறார். ஹெல்மற்றைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு இன்னொரு முறை தன்னால் முடியாது என்று அண்ணை சொல்கிறார். ஆகவே வடக்கே போகிறோம். மென்டோசினோ, யுரேக்கா, ஒருமுறை ஒறகன் எல்லைவரை.

மூவரும் ஒன்றாகப் போனது ஒருநாளும் இல்லை. ஆசனம் இரண்டு, குசினியில் ஒருவர் நிற்கவும் வேண்டும். நிற்பவருக்குத் திரும்பி வந்து பாதையைச் சொல்லவேண்டும் என்பது எங்களுக்குள் ஒரு ஒழுங்கு. எந்த வளைவில் சரளை, எங்கே தேத்தண்ணி, எங்கே கடல் முதலில் தெரியும் என்று.

பதிவு செய்யப் போனபோது மோட்டார் வாகனப் பகுதியில் எழுத்தர் ஒரு கேள்வி கேட்டார். அண்ணையின் பெயரும் எங்களில் இன்னொருவரின் பெயரும் பத்திரத்தில் போகவேண்டும். இரண்டு பெயர்களுக்கும் நடுவில் 'உம்' என்று போட்டால், விற்கும்போது இருவரும் கையெழுத்து வைக்கவேண்டும். 'அல்லது' என்று போட்டால் ஒருவர் இல்லாவிட்டாலும் மற்றவர் விற்கலாம். எது என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்ப்பதற்கு முன்பே அண்ணை, 'அல்லது' என்று போடச் சொன்னார்.